ஒரே நூலில் இரண்டு தொப்பிகள்

வீட்டில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் ஒல்லிக்குச்சியாக இருந்தவளுக்கு அண்ணன் வைத்த பெயர் அது. இப்போது நாற்பதை நெருங்கும் வயதில் அந்தப் பெயருக்கும் உடம்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பெயர் போகவில்லை. பின்னல் ஊசிகளைக் கையில் எடுத்த பிறகு அதற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது.

மதியத்திலிருந்து மாலை வரை அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலைப்பொழுது முழுவதும் அவளுடையது. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று வரைந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பின்னுவாள். பெரிய வேலைப்பாடெல்லாம் கிடையாது. காலுறை, கழுத்துத்துணி, கையில்லாத ஸ்வெட்டர். எதைப் பின்னுவதானாலும் முதலில் அளவு எடுக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருப்பாள். டேப்பும் கையுமாக அவள் வருவதைப் பார்த்தாலே கணவன் தலையைப் பிடித்துக்கொள்வான்.

அன்று காலை அவள் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்றை ஆரம்பித்திருந்தாள். கடையில் ஏ.சி. நேராக அவள் தோளில் அடிக்கும். அதற்காக முன்பக்கம் திறந்த ஒரு ஸ்வெட்டர், இரண்டு ஆழமான பைகளோடு. முதுகுப்பக்கத்துக்கு எண்பத்து நாலு கண்ணி போட வேண்டும். ஐம்பதைத் தாண்டும்போது போன் அடித்தது. எண்ணிக்கை தவறிவிடுமே என்று அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தபோதுதான் எடுத்தாள். மணி பதினொன்றே கால்.

பேசியவர் குளிர்பதனக் கிடங்கின் மேற்பார்வையாளர். அவளுடைய கணவனும் அண்ணனும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். கணவன் மீன் பெட்டிகளை ஏற்றி இறக்குபவன். அண்ணன் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியை ஓட்டுபவன்.

மேற்பார்வையாளர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். காலையில் அமோனியாக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது. எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். உள்ளே இனி ஆள் இல்லை என்று தீயணைப்புக்காரர்கள் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பின்வாசல் வழியாக ஓடிய பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் கால்வாய்ப் பக்கம் எங்கோ இருக்கிறார்கள், இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. நினைவில்லாமல் கிடந்த ஒருவரை ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறது. முகம் வீங்கிப்போயிருந்ததால் யார் என்று அடையாளம் தெரியவில்லை. ஆனால் கையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அந்தத் தொப்பி போடுறது உங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேர்தாம்மா. ரெண்டு பேரையுமே இங்க காணோம். ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அது. எவர்னுதான் தெரியல."

இரண்டு பேருடைய போனும் கிடங்கின் லாக்கரில் இருந்தன. உள்ளே போகும்போது போன், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு நம்பரைக் கொடுத்துவிட்டு அவர் போனை வைத்தார்.

ஊசி மாடிப்படியில் ஓடினாள். அவர்கள் வீடு இரண்டாம் மாடி, அண்ணன் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அண்ணி தலைக்குக் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு நின்றாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அன்று அவளுக்கு விடுமுறை. ஊசி சொன்னதை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். துண்டை உருவிக் கீழே போட்டாள். அமோனியா என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணில் பட்டிருக்கிறதா, மூச்சில் போயிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். மேற்பார்வையாளர் அதைச் சொல்லவில்லை. அண்ணி உடை மாற்றி, ஸ்கூட்டர் சாவியை எடுத்து வர உள்ளே போனாள்.

அந்த இரண்டு நிமிஷத்தில், படிக்கட்டில் நின்றபடி ஊசி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். பேசிய நர்ஸ் முன்மேசையில் இருப்பவள். ஆளை உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், தான் இன்னும் பார்க்கவில்லை, தன்னிடம் இருப்பது பாலித்தீன் பையில் போட்ட ஒரு தொப்பி மட்டும்தான் என்றாள்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க," என்றாள் ஊசி. "அந்தத் தொப்பிய உள்பக்கமா திருப்பிப் பாருங்க. நெத்தி படுற இடத்துல சுத்தி வெள்ளைத் துணி வெச்சுத் தைச்சிருக்கா?"

பாலித்தீன் சரசரக்கும் சத்தம் கேட்டது. நர்ஸ் யாரிடமோ கையுறை கேட்டாள். மறுபடியும் சரசரப்பு.

"துணியெல்லாம் இல்லங்க. வெறும் கம்பளிதான்."

ஊசி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் தொப்பிகளைப் பின்னியது அவள்தான். ஒரே நூல், ஒரே அளவு ஊசி, காதை மூடி இறங்கும் ஒரே மாதிரியான மடல்கள். அண்ணன் தலைக்கும் கணவன் தலைக்கும் சுற்றளவு கூட ஒன்றேதான். அளந்து பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கணவனுக்குக் கம்பளி பட்டால் நெற்றி அரிக்கும். அதனால் அவன் தொப்பிக்கு மட்டும் பழைய பருத்திச் சட்டை ஒன்றைக் கிழித்து, உள்ளே சுற்றிலும் பட்டையாக வைத்து, வெளியே தெரியாமல் கையாலேயே தைத்திருந்தாள். அண்ணன் தனக்கு அந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

உள்ளே துணி இல்லை என்றால் அது அண்ணன்.

அவள் உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் சரசரவென்று இறங்கியது. அவர் இல்லை, அவர் இல்லை என்று மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். பிறகுதான், அப்படியென்றால் யார் என்பது உறைத்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் பிடித்த கையை விடாமல் அவளை இழுத்துக்கொண்டு ஓடிய அண்ணன். அவளுக்குப் பெயர் வைத்த அண்ணன். அவனுக்காக இன்னும் ஒரு துளிக் கண்ணீர் வரவில்லை, அதற்குள் தன் புருஷன் தப்பித்தான் என்று மூச்சு விட்டிருக்கிறோம். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

அண்ணி கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாள். ஈரத்தலையை அப்படியே முடிந்திருந்தாள்.

"யாருக்குப் போன்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"என்ன சொன்னாங்க?"

ஊசி அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையாம் அண்ணி. நேர்ல வரச் சொல்றாங்க."

வண்டி ஓட்டப்போகிறவளிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டால் கை நடுங்கும். எங்காவது போய் இடித்துக்கொண்டால் என்ன ஆவது? அது பொய்யும் இல்லை. ஆனால் அது மட்டுமே காரணமும் இல்லை.

ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருந்தது. அண்ணி எப்போதும் நிதானமாக ஓட்டுபவள். அன்று லாரிகளுக்கு இடையில் புகுந்து புறப்பட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஊசியின் முகத்தில் அவளுடைய ஈரமுடி வந்து வந்து ஒட்டியது. ஒரு பாலத்தைத் தாண்டியபோது, தூரத்தில் கிடங்கு இருக்கும் திசையில் வெள்ளையாக ஒரு மூட்டம் தரையோடு தரையாகக் கிடப்பது தெரிந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

பெரிய சிக்னலில் வண்டி நின்றது. தொண்ணூறு வினாடி என்று சிவப்பு எண்கள் காட்டின. எழுபதுக்கு வந்தபோது அண்ணி திரும்பாமலே பேசினாள்.

"ஊசி, நான் ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்காத."

"சொல்லுங்க."

"அவரா இருக்கக் கூடாதுன்னு வீட்டுலேர்ந்து வேண்டிக்கிட்டே வரேன். அவர் இல்லன்னா அங்க படுத்திருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வேண்டிக்கிறேன். உன்னைப் பின்னாடி உக்காத்தி வெச்சுக்கிட்டு." அவள் குரல் தேய்ந்தது. "மறைச்சு வெச்சா இன்னும் பாவம்னு தோணுச்சு. அதான் சொல்லிட்டேன்."

இப்போதாவது சொல்லிவிடலாம், வண்டி நின்றுகொண்டுதானே இருக்கிறது என்று ஊசி நினைத்தாள். நாற்பது, முப்பத்தொன்பது என்று எண்கள் குறைந்தன. அண்ணி பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்பது அவள் முதுகு விறைத்திருந்ததிலேயே தெரிந்தது. ஊசி அந்த முதுகில் நெற்றியைச் சாய்த்தாள். அண்ணி அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. இடது கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"உன் வீட்டுக்காரர் கெட்டி. எதுவா இருந்தாலும் தாங்கிடுவார்."

பச்சை விழுந்தது.

அவசரப் பிரிவின் முன்மேசையில், போனில் பேசிய அதே நர்ஸ் இருந்தாள். சின்னப் பெண். கிடங்கு ஆள் என்று அண்ணி சொன்னதும் மேசைக்கு அடியிலிருந்து பாலித்தீன் பையை எடுத்து வைத்தாள். மூடியிருந்த பையிலிருந்தே மூக்கைக் குத்தும் நெடி வந்தது. அண்ணி பையைப் பிரிக்கவில்லை. வெளியிலிருந்தே இரண்டு கையாலும் பிடித்து, தொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். அது ஏற்கெனவே உள்பக்கம் வெளியே தெரியும்படி திரும்பித்தான் இருந்தது. எட்டு மாதமாக அண்ணனின் தொப்பியை வாராவாரம் துவைத்துக் காயப்போட்டவள் அவள். துணி வைத்த தொப்பி எது, வைக்காத தொப்பி எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் ஊசியைப் பார்த்து, "போன்ல துணி இருக்கான்னு கேட்டது நீங்கதானே?" என்றாள். உதவி செய்த நினைப்பில் இயல்பாகத்தான் கேட்டாள்.

அண்ணி தலையைத் தூக்கினாள். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பவளைப் போல ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கட்டுலயே தெரியுமா?"

"அண்ணி, வண்டி ஓட்டும்போது..."

"நான் சிக்னல்ல பேசினப்பவும் உனக்குத் தெரியும்."

ஊசி அண்ணியின் மடியிலிருந்த பையைப் பார்த்தாள்.

"உன் முழங்கால வேற தட்டினேன்," என்றாள் அண்ணி.

உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். தொண்டை வீங்குவதால் குழாய் வைக்க வேண்டும், கண்ணில் மருந்து விட்டுக் கட்டியிருக்கிறோம், முகத்தில் பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கும், நெருங்கிய சொந்தம் ஒருவர் மட்டும் வந்து யார் என்று உறுதி செய்யுங்கள் என்றார். அண்ணி எழுந்து, பையை ஊசியின் கையில் திணித்துவிட்டு, அவர் பின்னால் போனாள். இரட்டைக்கதவு மூடிக்கொண்டது.

ஊசி நின்றுகொண்டே இருந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. முள் நகருகிற மாதிரியே தெரியவில்லை. அண்ணன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள முயன்றாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் இன்னொரு நினைப்பு வந்து நின்றது. அவர் கால்வாய்க்கரையில் எங்கோ உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். சட்டையைத் தனியாக ஊறவைக்க வேண்டும். இப்படி ஒரு நினைப்பு வரும், உடனே தன்மேலேயே அருவருப்பு வரும். கையிலிருந்த பையின் நெடியில் கண் எரிந்து நீர் கொட்டியது. பார்த்தவர்களுக்கு அது அழுகை என்று தோன்றியிருக்கும்.

ஏழு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அண்ணி வெளியே வந்து, இரண்டடி தள்ளியே நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அவர் இல்ல," என்றாள்.

ஊசிக்குப் புரியவில்லை.

"காலப் பாத்தேன். முகத்துல ஒண்ணும் தெரியல, அதனால போர்வைய விலக்கிக் காலப் பாத்தேன். அவருக்கு இடது கட்டைவிரல்ல நகம் கிடையாது. இந்தக் கால்ல பத்து நகமும் இருக்கு. ரெண்டாவது விரல் கட்டைவிரல் மேல ஏறி நிக்குது." அவள் கதவைக் காட்டினாள். "நீ போ."

கட்டைவிரல் மேல் ஏறி நிற்கும் இரண்டாவது விரல். கணவனுக்கு எத்தனையோ காலுறைகள் பின்னியவள் ஊசி. அந்த விரல் இடிக்கக் கூடாது என்று முன்பக்கத்தில் நாலு கண்ணி கூட்டிப் போடுவது அவளுக்குக் கை பழகிய கணக்கு.

உள்ளே போய்ப் பார்க்கும்வரை அவள் நம்பவில்லை. பிறகு நம்பாமல் இருக்க வழியில்லை. கட்டுகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில் தெரிந்தது ஒரு துண்டு கன்னம் மட்டும்தான். அது அவனுடையது என்று சொல்ல அவளுக்குக் காலைக்கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. ஒரு மணி நேரமாக இவன் தப்பித்துவிட்டான் என்று உள்ளுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தோமே, அந்த நேரம் முழுவதும் இவன் இங்கே தனியாகக் கிடந்திருக்கிறானே என்பதுதான் அவளுக்கு முதலில் வந்தது.

டாக்டர் எதற்கும் உறுதி சொல்லவில்லை. இரண்டு நாள் போக வேண்டும் என்றார். தூக்கிவந்தவர்கள் சொன்னதை வைத்து ஒன்று மட்டும் சொன்னார். தரையைக் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் தொப்பியை முக்கி, மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறான். அமோனியா தண்ணீரில் கரையக் கூடியது. அதனால் உள்ளே போனது குறைந்திருக்கலாம்.

"அதுதான் காப்பாத்துச்சுன்னு சொல்ல மாட்டேன். உதவியிருக்கலாம்," என்றார்.

அண்ணன் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தான். யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டிருந்தார்கள். கண் செக்கச்செவேலென்று இருந்தது, பேச்சுக்கு நடுவில் இருமல் வந்தது, மற்றபடி முழுசாக இருந்தான். அண்ணி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். உடனே, ஊசி பார்க்கிறாள் என்று தெரிந்து, கையை எடுத்துக்கொண்டாள். அண்ணன் தலையில் இன்னும் தொப்பி இருந்தது. கழற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஊசி கையை நீட்டி அதை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். சுற்றிலும் வெள்ளைத் துணி. அவள் கையால் போட்ட தையல்.

"இது அவரோடது," என்றாள். "இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வார்த்தை திக்கித் திக்கி வந்தது. தொப்பிகளைக் கொடுத்த இரண்டாம் நாளே அவர்கள் மாற்றிக்கொண்டார்களாம். மாப்பிள்ளை பெட்டி தூக்குகிறவர், குளிர் அறையிலும் அவருக்கு வேர்க்கும். பருத்தித்துணி வேர்வையைக் குடித்துவிட்டு ஐஸ் மாதிரி நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். அரிப்பே தேவலாம் என்று சொல்லிவிட்டார். அண்ணனோ வண்டியில் உட்கார்ந்தே இருப்பவன், வேர்வையே கிடையாது, துணி வைத்தது அவனுக்குச் சுகமாக இருந்தது. காலையில் லாக்கர் அறையில் மாற்றிக்கொள்வார்கள். சாயங்காலம் கிளம்பும்போது மறுபடியும் அவரவர் தொப்பியை எடுத்துக்கொள்வார்கள்.

"எட்டு மாசமாவா?" என்றாள் ஊசி.

"நீ உக்காந்து கையால தைச்ச. சரியில்லன்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னு மாப்பிள்ளை சொல்லக் கூடாதுன்னுட்டார். ஒருநாள் மாத்த மறந்துட்டு பஸ் வரைக்கும் வந்துட்டோம். அதுக்காகத் திரும்ப ஓடிப்போய் மாத்திக்கிட்டு அடுத்த பஸ்ல வந்தோம்."

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். அன்று அவள் அழுத முதல் அழுகை அதுதான்.

இரண்டு நாள் என்றது ஒன்பது நாளாக நீண்டது. நாலாம் நாள் ஜுரம் ஏறி, நுரையீரலில் நீர் கோத்து, டாக்டர்களின் பேச்சு குறைந்துபோனது. ஆறாம் நாள் இறங்கியது. அண்ணன் கிடங்குக்காரர்களோடும் ஆஸ்பத்திரிக்காரர்களோடும் ஓடியாடினான். அண்ணி காலையும் மதியமும் சாப்பாடு கொண்டுவந்தாள். மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தாள், எது எதற்கு என்று அண்ணனிடம் விளக்கினாள். ஊசியிடம் மட்டும் வேண்டிய வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவை நீட்டுவாள், காலி டப்பாவை வாங்கிக்கொள்வாள். ஊசிக்கு அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

குழாயை எடுத்த அன்று மத்தியானம், ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டில் அண்ணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சலவைக்குப் போகும் துணிமூட்டைகளை ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி ஓட்டுறேன்னுதான் சொல்லலன்னு மட்டும் சொல்லாத," என்றாள் அண்ணி. "அதை நான் ஆயிரம் தடவ எனக்கே சொல்லிப் பார்த்துட்டேன்."

ஊசி யோசித்துத்தான் பேசினாள். "அதுக்காக மட்டும் இல்ல. அண்ணன்தான்னு தெரிஞ்சதும் எனக்கு சந்தோஷம் வந்துச்சு அண்ணி. என் கூடப் பொறந்தவன். அப்பவும் வந்துச்சு. உங்ககிட்ட சொன்னா நீங்க என் மூஞ்சியப் பார்ப்பீங்க, கண்டுபிடிச்சிடுவீங்க. அதான் வாயத் தொறக்கல. நீங்க வெளிப்படையா சொல்லிட்டீங்க. எனக்கு அந்த தைரியம் இல்ல."

துணிவண்டி கிளம்பிப் போய்விட்டது.

"உள்ள அந்தக் காலப் பாத்தேன்ல," என்றாள் அண்ணி பிறகு. "பத்து நகத்தையும் எண்ணினேன். எண்ணி முடிச்சதும் நான் அங்கயே கும்பிட்டேன். உன் புருஷன் கால்மாட்டுல நின்னுக்கிட்டு. கதவுக்கு வெளிய நீ நிக்கிற. அந்த முகத்தோட எப்படி வெளிய வர்றதுன்னு தெரியாம அங்கயே நின்னேன். ஏழு நிமிஷம் அதுக்குத்தான் ஆச்சு."

அண்ணி டப்பாவைத் திறந்து, மூடியில் ஒரு பாதியை எடுத்து வைத்து, மறுபாதியை ஊசியிடம் கொடுத்தாள். ஒன்பது நாளில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டது அன்றுதான்.

மூன்றாவது வாரம் கணவன் வீட்டுக்கு வந்தான். வலது கண்ணில் புகை படர்ந்த மாதிரி ஒரு மறைப்பு நின்றுவிட்டது. குரல் கரகரத்துப்போய், பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது. குளிர் அறைப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிடங்கில் வாசல் பதிவு வேலைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். அது எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

வந்த மறுநாள் காலை ஊசி அலமாரியைத் திறந்து, இத்தனை வருஷத்தில் அவனுக்குப் பின்னிக்கொடுத்த எல்லாவற்றையும் கட்டில்மேல் கொட்டினாள். தொப்பி விஷயத்தை ஊசியிடம் சொல்லிவிட்டதாக அண்ணன் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் அவனிடம் ஒப்புக்கொண்டிருந்தான். கணவன் குற்றவாளி மாதிரி முழித்தான்.

"இன்னிக்கு ஒண்ணொண்ணா சொல்லணும்," என்றாள். "மனசு கஷ்டப்படும்னெல்லாம் பாக்கக் கூடாது. தொப்பிய முக்கி மூக்குல வெச்ச ஆளு, இதுக்கு என்ன பயம்?"

அவன் முதலில் தயங்கினான். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். பச்சைக் கழுத்துத்துணி மூச்சு முட்டும். கையில்லாத ஸ்வெட்டர் நல்லது, ஆனால் குனிந்தால் முதுகில் ஏறிவிடும். பழுப்புக் காலுறைக்கு விரல் வைத்த இடம் பிரமாதம், கெண்டைக்கால் இறுக்கம். கோடு போட்ட ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது என்னன்னே எனக்கு இதுவரைக்கும் தெரியாது," என்று கரகரத்தான். அவளுக்கும் நினைவில்லை. இரண்டு பேரும் சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த நேரத்தில் அண்ணி கண்ணுக்கான சொட்டுமருந்தோடு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பேசாமல் படியேறிப் போய், கையில் ஒரு கத்தரிப்பூ நிறச் சால்வையோடு திரும்பி வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊசி அவளுக்குப் பின்னிக்கொடுத்தது.

"நீ வர்றன்னு தெரிஞ்சா மட்டும்தான் இதை எடுத்துப் போடுவேன்," என்றாள். "இந்தக் கலர் எனக்கு ஆகாது. மூஞ்சி சீக்காளி மாதிரி இருக்கும். சொல்லணும்னு இருந்தேன்."

ஊசிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தச் சால்வைக்கு அவள் நாற்பது நாள் உழைத்திருந்தாள். அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அண்ணியின் முகத்தோடு வைத்துப் பார்த்தாள். அண்ணி சொன்னது உண்மைதான்.

"பிரிச்சிடலாமா?"

"பிரி."

முடிச்சு இருந்த மூலையைக் கண்டுபிடித்து ஊசி கத்தரியால் வெட்டினாள். நூல் வரிவரியாகக் கழன்று வந்தது. அண்ணி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். ஊசி அவள் மணிக்கட்டுகளைச் சுற்றி நூலைப் போட்டுக்கொண்டே போனாள். தெருவில் ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது. சத்தம் தேய்ந்து மறையும்வரை ஊசியின் கை நின்றது. அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள், பார்வையை எடுக்கவில்லை. ஊசியும் எடுக்கவில்லை. பிறகு நூலைத் தொடர்ந்தாள்.

"அடுத்தது என்ன கலர் வேணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் அண்ணி. "அவசரமா?"

கட்டிலில் சாய்ந்திருந்தவன் ஒற்றைக் கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனான். சால்வை பெரியது. நூல் முழுவதும் கழன்று வர மத்தியானம் ஆகிவிட்டது.